மோட்டார் எரிந்ததும் மாடிக்குக் குடிவந்தவளும்

2023 ஆகஸ்ட் 13, ஞாயிறு, காலை பத்தரை மணி. முகப்பேரில் தூறல். எங்கள் எட்டு வீட்டுக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். எட்டு நாற்காலிகளில் ஒன்றுக்குத்தான் கால் ஆடியது. அதுதான் எனக்கு வாய்த்தது.

வியாழனன்று இரண்டாம் மாடிக்கு ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு குடிவந்திருந்தாள். சனிக்கிழமை தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது.

“வந்து மூணு நாள்கூட ஆவல, மோட்டார் பூடுச்சு. ராசி சரியில்லீங்க,” என்றார் சங்கச் செயலாளர். “ஒண்ணு, முழுச் செலவையும் இந்தப் பொண்ணு குடுக்கணும். இல்ல, ஊட்டக் காலி பண்ணணும்.”

அவள் குழந்தையைத் தோள் மாற்றினாள். இருந்த பணத்தையெல்லாம் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு வந்தவள், இனி எங்கே போவாள்?

என் மனைவி எழுந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். யார் என்ன கத்தினாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசுவாள்.

“தம்பி, அதே வியாழக்கிழமை எங்க வீட்டுக்குப் புது மிக்ஸி வந்துது. அதுவா மோட்டார எரிச்சுது?”

“உங்களுக்கு இன்னாமா, கீழ் ஊடு. அடிபம்ப் கீது. பேசுவீங்க.”

“நான் எங்க இருக்கேன்றது இருக்கட்டும். சொன்னது சரியா, தப்பா?”

“எல்லாரும் அப்டிதாம்மா சொல்றாங்க.”

“எல்லாரும் கை தூக்கினா மோட்டார் ஓடிடுமா?”

காலை ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டாளா என்று எனக்குப் படபடப்பு. அவளோ என் பக்கம் திரும்பினாள். “எதையும் எண்ணி வைப்பீங்களே, சொல்லுங்க. இதுக்கு முன்னாடி மோட்டார் எத்தன வாட்டி நின்னுது?”

“ரெண்டு வருஷத்துல மூணு வாட்டி. மூணு வாட்டியும் அந்த மாடி வீடு பூட்டித்தான் கெடந்துது.”

“அப்ப பூட்டுக்கும் ராசி இல்லையா, தம்பி?”

செயலாளரே சிரித்துவிட்டார்.

ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்தால் முதலாவதே காரணம் என்பது, பதில் இல்லாதபோது பேசுகிறவரின் மேல் பாய்வது, தலைகளை எண்ணி உண்மையை முடிவு செய்வது: இந்த மூன்று வாதப் பிழைகளையும் பெயர்கூடச் சொல்லாமல் கால் மணி நேரத்தில் உடைத்துவிட்டாள். நான்காவதும் மிச்சமிருந்தது. இரண்டே வழி என்று யாராவது மிரட்டினால், மூன்றாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“எட்டு வீடும் பங்கு போட்டுக்கலாமே?” என்றாள்.

“உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமாம்மா? பங்கே போட்டுக்கலாம்,” என்றார் செயலாளர்.

அந்தப் பெண் அதே வீட்டில் இன்றும் இருக்கிறாள். எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள் கட்டிய செலவில் எங்கள் பங்கு அறுநூற்றைம்பது. பெருமை தாங்காமல் நான் அங்கேயே வாங்கிக் கொடுத்த எட்டு டீ தொண்ணூற்றாறு. மொத்தம் எழுநூற்று நாற்பத்தாறு ரூபாய்.