அலாரம் அடிக்கலையே!

கோவில்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருஷம் ஆகியும் வள்ளித்தாயை அந்தத் தெரு சண்டைக்காரி என்றுதான் சொல்கிறது. சொல்லட்டும். நியாயம் கேட்கிற பொம்பளைக்கு நம் ஊர் வைத்திருக்கும் பட்டம் அது ஒன்றுதான்.

அவள் பிறந்தது குளத்தூர்ப் பக்கம், ஆடு மேய்க்கிற வீட்டில். அவர்கள் ஊர் நிறுத்தத்தில் டவுன்பஸ் நிற்காது. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வள்ளித்தாய் கையைக் காட்டிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். ஒருநாள் அப்பாவின் மந்தை மொத்தத்தையும் ரோட்டுக்குக் குறுக்கே பத்திவிட்டு நடுவில் நின்றுகொண்டாள். டிரைவர் ஆரன் அடித்தார், ஆடு அசையவில்லை. வைதார், அவளும் அசையவில்லை. மறுநாளிலிருந்து பஸ் நின்றது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அன்றைக்கு ஊர் மெச்சியது. அதே வாய் கல்யாணத்துக்குப் பிறகும் இருந்தால் மட்டும் அடங்காப்பிடாரி ஆகிவிடுகிறாள்.

புருஷன் மாரிராஜ் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவான். அவள் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். ஒரே மகள் முத்துசெல்வி காலேஜில் படிக்கிறாள். குடியிருப்பது தீப்பெட்டி வியாபாரி பூவனநாதனின் வீட்டுப் பின்கட்டில்.

அந்தப் பின்கட்டுக் குளியலறையில் கேஸ் கீசர் இருந்தது. சிலிண்டர் வெளியே சந்தில். குளியலறைக் கதவுக்கு முன்னால் குறுகலான ஒரு நடை, அந்த நடைச் சுவரில் ஒரு வெள்ளை டப்பா. பெங்களூரில் இருக்கும் பூவனநாதனின் மகன் வாங்கி அனுப்பிய அலாரம் அது. கீசர் எரிகிற இடத்தில் காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்றொரு விஷவாயு வரும், கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, இது மட்டும்தான் கண்டுபிடித்துக் கத்தும் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பூவனநாதன் பெருமையோடு மாட்டினார். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். ஆனால் டப்பாவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றவில்லை. புதுசு அழுக்காகிவிடுமாம்! வாங்கிப் பத்து வருஷம் ஆன காரின் சீட்டு உறையையே கிழிக்க மனசு வராத ஜனம் அல்லவா நாம்.

ஆயுத பூஜை வந்தது. பூவனநாதனின் மனைவி முத்துமாரியம்மாள் கிரைண்டர், மோட்டார், ஸ்கூட்டர், தராசு என்று வீட்டில் உள்ள அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபடி பின்கட்டுக்கும் வந்தார். அலாரத்தின் பிளாஸ்டிக் கொஞ்சம் விலகிய ஓரத்தில் சின்னச் சின்னத் துவாரங்கள் தெரிந்தன. பொட்டு வைக்கத் தோதான இடம் என்று அங்கேயே சந்தனத்தை அப்பினார். காய்ந்து இறுகிப்போனது.

அடுத்து மழைக்காலம். குளியலறைச் சுவரின் மறுபக்கம் பூவனநாதனின் குடோன். வென்டிலேட்டர் வழியாக வெந்நீர் ஆவி போய்த் தீப்பெட்டிப் பண்டல்கள் நமுக்கின்றன என்று கண்டுபிடித்தார். கொத்தனாரை வைத்து வென்டிலேட்டரைச் செங்கல்லால் அடைத்துப் பூசிவிட்டார். உள்ளே குளிக்கிறவர்கள் மனுஷர்கள் என்பது அவர் கணக்கில் வரவில்லை. தீப்பெட்டி நமுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அதிலிருந்து முத்துசெல்வி குளித்துவிட்டு வரும்போதெல்லாம் தலைவலி என்றாள். வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். வயசுப் பிள்ளைக்கு ரத்தம் கம்மி, முருங்கைக்கீரை கொடு என்றார் முத்துமாரியம்மாள். வள்ளித்தாய் நேராகக் கடைக்கே போய்விட்டாள்.

"அண்ணாச்சி, காத்துப் போக்கே இல்லாம அடைச்சிட்டீங்களே. உள்ள கீசரு எரியுது. பிள்ளை தினமும் தலை வலிக்குன்னு சொல்லுதா."

"அதுக்குத்தானம்மா அலாரம் மாட்டியிருக்கேன். அலாரம் அடிச்சுதா?"

"அடிக்கல."

"அப்பம் என்ன? வா, காட்டுதேன்."

பின்கட்டுக்கு வந்து உறைக்கு மேலேயே பட்டனை அமுக்கினார். டப்பா வீல் என்று கத்தியது. "கேட்டியா? நயம் சரக்கு. ஒண்ணுன்னா அதுவே சொல்லிரும்" என்றார். அந்தச் சத்தத்தை வள்ளித்தாயும் நம்பினாள். டப்பாவைப் பிரித்தா பார்ப்பாள், அவளும்தான் என்ன செய்வாள்?

ஒரு வெள்ளிக்கிழமை முத்துசெல்வி தலைக்குக் குளிக்கப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, செம்புச் சத்தம் நின்றுவிட்டது. "ஏட்டி... ஏட்டி முத்துசெல்வி" என்று கூப்பிட்ட வள்ளித்தாய்க்குப் பதில் வரவில்லை. அம்மிக்குழவியை எடுத்து வந்து கதவில் மோதினாள். தாழ்ப்பாள் தெறித்தது. மகள் ஈரத்தரையில் கிடந்தாள். சேலையால் சுற்றி முற்றத்துக்கு இழுத்து வந்து போட்டு அவள் அலறிய அலறலில் தெரு கூடியது, ஆட்டோ வந்தது. நடைச் சுவரில் அலாரம் பச்சை விளக்கை மினுக்கியபடி சாமி கும்பிட்ட பொட்டோடு பேசாமல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "கரண்டு கீசரா, கேஸ் கீசரா?" என்பதுதான். கேஸ் என்றதும், கீசரிலிருந்து வந்த விஷவாயுதான் என்று ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் அவர். மறுநாள் முத்துசெல்வி கண் திறந்து அம்மாவைத் தேடினாள்.

பிள்ளை பிழைத்துவிட்டது. அதோடு விட்டதா தெரு?

பழமும் ஹார்லிக்ஸுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போன முத்துமாரியம்மாள், வீட்டு வாசலில் நின்று சொன்னது வேறு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுல்லா கிடந்திருக்கா. கேஸுன்னா அலாரம் அடிச்சிருக்கும்லா? அடிக்கலையே! வயசுப் பிள்ளை... என்னத்தைக் குடிச்சாளோ" என்றார். சாயங்காலத்துக்குள் 'என்னத்தை' என்பது பூச்சிமருந்து ஆகிவிட்டது. ராத்திரிக்குள் அந்த மருந்துக்குக் காரணமான ஒரு பையனும் பிறந்துவிட்டான். செங்கல் வைத்து அடைத்தவர் பெயரை ஒரு வாய் சொல்லவில்லை. சாகக் கிடந்த பிள்ளையின் பெயரை ஊரே மென்றது. கேட்க வயிறு எரிகிறதா இல்லையா?

மகளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று வள்ளித்தாய் இதைக் கேள்விப்பட்டாள். முத்துசெல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, "நான் இனி காலேஜுக்குப் போகலம்மா" என்றாள். 

வள்ளித்தாய் வாசலுக்கு வந்து போட்ட சத்தத்தில் தெரு மறுபடியும் கூடியது. பூவனநாதனும் மனைவியும் வந்தார்கள். மகளை எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். விஷவாயு வந்தும் அடிக்காத அலாரத்தைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தாள், உறையும் துவாரத்தை அடைத்த சந்தனமும் கண்ணில் பட்டன. எல்லாருக்கும் முன்னால் அதைத் தூக்கிப் பிடித்துப் பட்டனை அமுக்கினாள். கத்தியது.

"நல்லாத்தான இருக்கு" என்றார் பூவனநாதன்.

"இது அதோட வாயி. வாயி நல்லாத்தான் இருக்கு. மூக்கைல்லா பொட்டலம் கட்டி, மிச்சத்தைச் சந்தனத்தால அடைச்சு வச்சிருக்கீங்க!"

பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். காய்ந்த சந்தனத்தைக் குச்சியால் பதமாகச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, பழைய இடத்தில் மாட்டினாள். ஒருத்தரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். கீசர் எரிந்தது. குளியலறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள். 

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. "நான்தான் சொன்னேன்லா" என்று பூவனநாதன் தொண்டையைச் செருமினார். அவர் செருமி முடிக்குமுன் அலாரம் அலறியது. யாரும் பட்டனைத் தொடவில்லை. நிறுத்தாமல் அலறியது.

"ஏட்டி, அதை அமத்து. தெருவுக்கே கேக்குது" என்றார் முத்துமாரியம்மாள்.

"கேக்கட்டுமே! எம் மக மருந்து குடிச்சான்னு தெருவுக்கே கேக்கும்படிதான சொன்னீங்க? அவ குடிச்ச மருந்து உள்ள இருக்கு. வாடை வராது, புகை வராது. ஒவ்வொருத்தராப் போயி மோந்து பாத்துட்டு வாங்க. போங்க!"

யாரும் போகவில்லை. முற்றத்தில் நின்றவர்கள் தெருவுக்கு நகர்ந்தார்கள். வள்ளித்தாய் சந்துக்குப் போய் சிலிண்டரை அடைத்தாள். வாசல் கதவு, பின்கதவு எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டாள். பிறகு பூவனநாதனிடம் வந்தாள். குடிவந்த நாளிலிருந்து அண்ணாச்சி என்று மட்டுமே அவரைக் கூப்பிட்டவள் அவள்.

"ஓய், அந்தச் செங்கலை நீரு இடிக்கீரா, நான் இடிக்கட்டுமா?"

அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரை எடுக்கப் போனார். அந்த வாரமே கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டினார்கள். முத்துசெல்வி காலேஜுக்குப் போகிறாள். அவளை மென்ற வாய்களெல்லாம் இப்போது அந்த அலாரம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று வள்ளித்தாயிடம் வந்து விசாரிக்கின்றன. "உன்னைத் தப்பாப் பேசிட்டோம் தாயி" என்று முத்துசெல்வியிடம் மட்டும் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.