தேன்கனிக்கோட்டை பஸ்ஸும் ஓர் அக்காவும்

அமெரிக்க நாவல்கள் மலிவாகத் தமிழில் கிடைத்த ஐம்பதுகளில், கல்லூரி மலருக்காக அவற்றில் இரண்டை ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோற்கிறார்கள். மற்றதில் ஒருத்தி கணவனை விட்டு வந்து, தனியாகப் பிழைக்க முடியாமல் திரும்புகிறாள்.

ஓசூரில் நான் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே ஓர் அக்கா சாலைக்கு ஜல்லி உடைப்பார். வெயிலில் கறுத்த முகம். விரலெல்லாம் கந்தல் சுற்றியிருக்கும். தேன்கனிக்கோட்டை பஸ் வந்தால் மட்டும் சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அடிக்கிற புருஷனை அந்த ஊரில் விட்டு ஓடிவந்தவர் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

ஒருநாள் அவரிடம் இரண்டு கதைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அந்தச் சீமையிலயும் இதே கூத்துதானா!" என்று சிரித்தார்.

"ரெண்டும் ஒரே தோல்விதானே அக்கா?"

"எப்பிடி ஒண்ணாவும் தம்பி? தோத்த ஆம்பளைங்க எங்க போனாங்க?"

"வீட்டுக்கு."

"அவங்களுக்குத் தோத்தா போறதுக்கு வீடு இருக்குது. எனக்கு வீட்டுக்குப் போறதே தோக்கறதுதான்."

அடுத்த வாரம் தேன்கனிக்கோட்டைக்குப் புறப்பட்ட பஸ்ஸில், இரண்டு ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "அக்கா!" என்று கத்தினேன். வழக்கம்போல் சாலைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். அன்று அவர் ஒளிந்தது என்னிடமிருந்தா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.