தனித்தட்டு இல்லாத கிறிஸ்துமஸ்

வெங்காயம் நெய்யில் பொன்னிறத்தைத் தாண்டிச் சிவக்கத் தொடங்கும்போது எழுகிற வாசம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி வரைக்கும் வந்து நிற்கும். கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலி முடிந்து அம்மாவும் நானும் தெம்பனிஸ் வீட்டுக்குத் திரும்புகையில், ஒன்பதாவது மாடியில் மின்தூக்கிக் கதவு திறந்ததும் அம்மா ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்து, அப்பாவின் பிரியாணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார். முதல் நாள் திருப்பலிக்கே அப்பா போய்வந்துவிடுவதால் அன்று காலை முழுக்கச் சமையலறை அவருடைய ராஜ்ஜியம். ஆண்டு முழுவதும் பேருந்து ஓட்டுகிற மனிதர் அந்த ஒரு நாள் பெரிய தேக்சாப் பாத்திரத்தின் முன் நின்று, வருகிற உறவினர் பதினெட்டுப் பேருக்கும் தானே சமைப்பார். ஆட்டுக்கறி பிரியாணி, தேங்காய்ப்பால் தளும்பும் கோழிக் குருமா, மாவில் தோய்த்துப் பொரித்த இறால், எல்லாவற்றுக்கும் மேலாக நெய். "பண்டிகைன்னா கை தாராளமா இருக்கணும்" என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் தலையாட்டி ஏற்றுக்கொண்ட சட்டம்.

எனக்குப் பதினொரு வயதான ஆண்டு அந்தக் கை நின்றுபோனது. ஜூன் விடுமுறையில் ஒரு நாள், பேருந்து நிலையத்தின் ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இரத்தக் குழாய்கள் இரண்டு அடைத்திருந்தன. கூடவே சர்க்கரையும் வெகுநாளாக ஏறிக் கிடந்தது தெரியவந்தது. பிழைத்து வீடு திரும்பியவருக்கு மருத்துவமனை ஒரு தாள் கொடுத்தது. அதில் சாப்பிடக் கூடாதவை ஒருபக்கமும் சாப்பிடக் கூடியவை மறுபக்கமும் இருந்தன. அம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். பேருந்து ஓட்டக்கூடாது என்று சொல்லி அப்பாவை அலுவலக மேசைக்கு மாற்றினார்கள். அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று ஃபிலோமினா அத்தை உத்தரவு போட்டார். அத்தை அப்பாவின் மூத்த அக்கா. தாயை இளவயதிலேயே இழந்த அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அவர் சொல்லை வீட்டில் யாரும் மீறியதில்லை. சமைக்கத் தெரிந்த அப்பா வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குக் கொடுக்கப்படுவதை வாங்கிச் சாப்பிடுகிற ஆளாக மாறிப்போனார்.

நவம்பரில் அத்தையின் செங்காங் வீட்டில் மாமாவுக்கு அறுபதாவது பிறந்தநாள் விருந்து. நீளமான மேசையில் பிரியாணியும் கறியும் ஆவி பறக்க, ஆளாளுக்குத் தட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது அத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். மூடியில் பெரிய எழுத்தில் அப்பாவின் பெயரும், "உப்பில்லை" என்ற சொல்லும் இருந்தன. உள்ளே அவித்த மீன் துண்டு, கஞ்சி, நாலு கேரட் வில்லை. வாசம் பட்டால் ஆசை வரும் என்று அப்பாவைச் சன்னலோரச் சோஃபாவில் உட்கார வைத்தார். எல்லாமே பாசத்தில் செய்ததுதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் கையில் தட்டோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சோஃபாவைக் கடந்துபோகும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். அப்பா கஞ்சியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார், அத்தையிடம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். வீடு திரும்பும் ரயிலில் இரண்டு இருக்கை காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை, கதவுக் கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றுகொண்டு வந்தார்.

மறுவாரம் அத்தை தொலைபேசியில் அழைத்தார். இந்த ஆண்டும் கிறிஸ்துமஸ் விருந்து எங்கள் வீட்டிலேயே நடக்கட்டும் என்றும், பிரியாணியைத் தானே சமைத்துக் கொண்டுவந்துவிடுவதாகவும், தன் தம்பியான அப்பாவுக்கு மட்டும் அம்மா "பத்தியமா" தனியே ஏதாவது செய்தால் போதும் என்றும் சொன்னார். பாலர் பள்ளி ஆசிரியையான என் அம்மா குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அன்றும் அவர் உயர்த்தவில்லை.

"வேணாம் அண்ணி. எங்க வீட்டுல தனித்தட்டு கிடையாது. அவர் என்ன சாப்பிடுறாரோ, அதைத்தான் எல்லாரும் சாப்பிடப் போறோம்."

மறுமுனையில் அத்தை சொன்னது அறைக்கே கேட்டது. "கிறிஸ்மஸ்லா ரீத்தா. ஒரு நாள். பிள்ளைங்க எல்லாம் கஞ்சி குடிக்கணுமா?"

"கஞ்சி யாரு போடுறா?" என்று கேட்டுவிட்டு அம்மா வைத்துவிட்டார்.

அத்தையைவிடக் கடுமையாக எதிர்த்தவர் அப்பாதான். தன்னால் ஊர்ச் சனமெல்லாம் நாக்கைக் கட்டிக்கொள்வதா, அதைவிடத் தான் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் என் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உறவினர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் எது இல்லாவிட்டால் அது கிறிஸ்துமஸே இல்லை என்று கேட்டு எழுதினேன். மாமா, மேலே தூவுகிற வறுத்த வெங்காயம் என்றார். அத்தையின் மூத்த மகன் அடியில் முறுகிய சோறு என்றான். சித்தி, புதினா வாசம் என்றார். ஒருவர் மீன் கேட்டார், இரண்டு பேர் அத்தையின் சூஜி ரவைக் கேக்கைக் கேட்டார்கள். நெய் வேண்டும் என்றோ ஆட்டுக் கொழுப்பு வேண்டும் என்றோ பதினெட்டுப் பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அத்தை மட்டும், "பெரியவங்க விஷயத்துல நீ தலையிடாதே" என்று வைத்துவிட்டார். அவர் பெயருக்கு எதிரே கோடு போட்டேன். அம்மா நோட்டைப் படித்துப் பார்த்து, "கேக்கைத் தவிர இதுல எதையும் டாக்டர் வேணாங்கலையே" என்றார். அந்த நிமிடம் நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

சமைக்கத் தொடங்கியதும்தான் எங்கள் லட்சணம் தெரிந்தது. தேக்கா சந்தையில் பழுப்பரிசி வாங்கிவந்து முதல் ஞாயிறு செய்த பிரியாணி வாயில் சரளைக்கல்லாக உருண்டது. அப்பா ஒரு கவளம் மென்றுவிட்டு, "கோழிக்குப் போடலாம்" என்றார். அம்மாவும் நானும் வீம்புக்கு இரண்டு வேளை அதையே சாப்பிட்டோம். இரண்டாம் ஞாயிறு தண்ணீரைக் கூட்டினோம், குழைந்தது. மூன்றாம் ஞாயிறு வெங்காயத்தை எண்ணெயில்லாமல் வதக்கப் பார்த்து, பாதி கருகி, புகை கூடம் முழுக்கப் பரவியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, வாசலில் நின்ற என்னை நகர்த்திவிட்டு, அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"பிரியாணிக்கு யாராவது இப்படி வெங்காயம் வெட்டுவாங்களா? தள்ளு."

அத்தையின் உத்தரவை அம்மா ஒருமுறை மெல்ல நினைவூட்டினார். அதற்கு அப்பா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நெஞ்சுலதான் அடைப்பு இருந்துச்சு. கையில ஒண்ணும் இல்ல."

அந்த உத்தரவுக்குப் பிறகு அன்றுதான் அவர் அடுப்பின் முன் நின்றார். அந்த மருத்துவமனைத் தாளைக் கதவிலிருந்து எடுத்து, தகராறு செய்கிற பயணியிடம் பேசுவதுபோல் அதோடு வழக்காடிக்கொண்டே சமைத்தார். பழுப்பு பாஸ்மதியை முதல் நாளே ஊற வைத்து, முக்கால் பதம் தனியாக வேக வைத்து, வெள்ளை பாஸ்மதியோடு பாதிக்குப் பாதி கலந்தார். ஆட்டுக்கறிக்குப் பதில் தோலுரித்த கோழியைத் தயிரிலும் புதினாவிலும் பச்சை மிளகாயிலும் புரட்டி ஊற வைத்தார். வெங்காயத்தைக் காகித மெலிவாகச் சீவி, சொட்டு எண்ணெய் தடவி, ஓவனில் முறுகச் சுட்டார். உப்பு குறைந்த இடத்தை எலுமிச்சையும் பட்டையும் மிளகும் பார்த்துக்கொண்டன. கொடுவா மீனில் சம்பால் மிளகாய் விழுதைத் தடவி வாழையிலையில் சுற்றிச் சுட்டார். கேக்கைப் பற்றி நீண்ட பேச்சுவார்த்தை நடந்து, ஆளுக்கு விரல் அகலத்தில் ஒரு துண்டு, அப்பாவுக்கும் அதே அளவு என்று முடிவானது.

கிறிஸ்துமஸ் மதியம் மணியடித்தது. கதவைத் திறந்தால் அத்தை நிற்கிறார். அவருக்குப் பின்னால் மூத்த மகன், துணி சுற்றிய பெரிய பாத்திரத்தைச் சுமந்துகொண்டு. மூடியிருந்தும் ஆட்டுக்கறி வாசம் எங்கள் கூடத்துக்குள் புகுந்தது. ஏற்கெனவே வந்திருந்த உறவினர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். மூன்று வாரப் பாடும் வீணாகப் போகிறது என்று எனக்கு அழுகை முட்டியது.

அம்மா பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க அண்ணி. போகும்போது எல்லாருக்கும் வீட்டுக்குக் கட்டித் தந்துடுறேன். இங்க மேசையில வைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அதை உள்ளே கொண்டுபோய்ச் சலவை இயந்திரத்தின் மேல் வைத்தார். மூடியைத் திறக்கவே இல்லை.

அத்தையின் முகம் சிவந்துவிட்டது. பசிக்கவில்லை என்று சொல்லிச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மேசையில் மற்றவர்கள் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார்கள். மாமா முறுகிய வெங்காயத்தை விரலால் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார், பிறகு தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டார். மீன் முதலில் தீர்ந்தது. அத்தையின் மகன் சலித்துக்கொண்டே தேக்சாவின் அடியைச் சுரண்டினான். எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். சித்தியின் மகள் ஒருத்தி கடைசிவரை பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

அப்பா இரண்டு தட்டுகளில் பரிமாறிக்கொண்டு அத்தையிடம் போனார். ஒன்றை அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"பயந்துட்டேன்டா," என்றார் அத்தை. "உன்னைச் சவப்பெட்டியில வச்சிடுவோமோன்னு பயந்துட்டேன்."

"தெரியும்க்கா. அதுக்காக மூலையில வச்சிடாதே. சாப்பிடு."

அத்தை ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றார். "உப்பு பத்தல."

"பத்தாதுதான். பழகிடும்."

அத்தை தட்டைக் காலி செய்தார். மறுபடியும் வாங்கிக்கொண்டார். ஆனால் நன்றாக இருக்கிறது என்று அன்றும் சொல்லவில்லை, அதன்பிறகு வந்த எந்தக் கிறிஸ்துமஸிலும் சொல்லவில்லை.

அந்தத் தெம்பனிஸ் வீடு இப்போது வேறு யாருடையதோ. பதினெட்டுப் பேர் ஒரே கூரைக்குக் கீழ் கூடுவதும் நின்றுவிட்டது. பலர் வெளிநாடு போய்விட்டார்கள், சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் கைப்பக்குவத்தை எழுதி வைக்க நான் பலமுறை முயன்றும், அந்தப் புதினா வாசம் எனக்கு ஒருமுறைகூடக் கைகூடவில்லை. என் வீட்டு விருந்துக்கு வருகிறவர்களில் யாருக்காவது ஏதாவது உணவு ஆகாது என்றால், அவருக்குத் தனியாகச் செய்துவிடலாமே என்று இன்றும் சொல்கிறார்கள், அன்போடுதான் சொல்கிறார்கள். நான் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். பிடிவாதக்காரி என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் சமையல் அப்பாவின் ஆயுளை எத்தனை நாள் நீட்டியது என்று எனக்குத் தெரியாது, அதைக் கணக்கிட எந்த மருத்துவராலும் முடியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவர் கண்ட பதினான்கு கிறிஸ்துமஸில் ஒன்றில்கூட என் அப்பா தனியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை.