நடுச்சுவர்

வெள்ளம் வடிந்த மறுநாள் எங்கள் தெருவில் அடித்த வாடையை அதற்குப் பிறகு நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. மாதனூரைத் தாண்டி ஆம்பூர் போகும் வழியில், கானாற்றங்கரையில் இருந்தது எங்கள் தெரு. "கானாறு" என்றால் மழை பெய்தால் மட்டும் மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை. மற்ற மாதங்களில் பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்த ஐப்பசியில் மேலே ஏதோ ஒரு ஏரி உடைந்து, விடிவதற்குள் தண்ணீர் தெருவுக்குள் புகுந்து, விடிந்தபின் வடிந்தும் போய்விட்டது. அது விட்டுப்போன சேற்றில் தோல் பதனிடும் சுண்ணாம்பும், ஊறிய தோலும், செத்த கோழிகளும், யார் வீட்டிலோ புளித்த அரிசியும் ஒன்றாய்க் கலந்திருந்தன. எனக்கு அப்போது பதினொரு வயது. மூக்கைப் பொத்திக்கொண்டே நின்று, எங்கள் வீடு இருந்த இடத்தைப் பார்த்தேன்.

எங்கள் வீடும் தானியேல் மாமா வீடும் ஒட்டிக் கட்டியவை. அப்பா முருகேசன் தோல் பதனிடும் "ஷாப்பில்" தோலை உருட்டிப் பதமாக்கும் டிரம் ஓட்டினார். தானியேல் மாமா சாரத்தில் ஏறிச் சுவருக்கு வண்ணம் பூசும் பெயிண்டர். உறவு ஒன்றும் இல்லை; சின்ன வயதிலிருந்தே "தோஸ்த்". பக்கத்துப் பக்கத்தில் மனை வாங்கி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவராக எழுப்பியிருந்தார்கள். அந்தப் பக்கம் மாமாவின் மனைவி எலிசா அத்தை குழம்பு தாளித்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். வெள்ளத்தில் எங்கள் முன்சுவரும் பின்சுவரும் கூரை ஷீட்டோடு போய்விட்டன. நடுச்சுவரும் அதை ஒட்டிய சமையல் மூலையும் மட்டும் நின்றன. மாமா வீட்டில் ஒரு மூலைதான் சரிந்திருந்தது. மீதிக் கூரை அந்த நடுச்சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். நீல பனியன் போட்ட கல்லூரிப் பிள்ளைகள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவர்கள், அவர்களுக்குத் தலைவராக சார்லஸ் சார் என்ற ஓய்வுபெற்ற இன்ஜினியர். வீடு கட்டித் தர வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் தெருவே அவர் பின்னால் நடந்தது. அவர் கையிலிருந்த தாளில் இரண்டே சொற்கள் இருந்தன: முழு, பகுதி. முழுவதும் விழுந்த வீட்டுக்குப் புதிய வீடு. பகுதி விழுந்திருந்தால் ஒரு தார்ப்பாய், ஒரு கம்பளி, அரிசி. எங்கள் வீட்டுக்கு வந்ததும் நடுச்சுவரைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார்.

"இது நல்லா நிக்குதே" என்றார்.

"ஒரு சுவத்த வச்சிக்கிட்டு நான் இன்னா சார் பண்ணுவேன்?" என்று அப்பா கேட்டார்.

"ரூல் எனக்கு மேல இருக்கறவங்க போட்டதுங்க. நாளைக்கு மறுபடி வர்றோம். இன்னும் மழை இருக்கு. விழுந்தா சொல்லுங்க."

விழுந்தால் சொல்லுங்கள் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னாரா, அல்லது வழி காட்டினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரு அதை ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டது. அன்று சாயங்காலமே நாலைந்து வீடுகளில் கடப்பாரைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வெள்ளம் விட்டுவைத்த சுவர்களைக் கட்டியவர்களே இடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வேறு ஏதோ வேலை செய்பவர்களைப் போல இடித்தார்கள்.

அப்பா மாமாவிடம் போய்ப் பேசினார். நானும் கூடவே இருந்தேன்.

"தானியேலு, அது ஒண்ணுதான் நிக்குது. தள்ளிட்டா ரெண்டு பேருக்கும் முழு வீடு."

"ஆண்டவர் பேரச் சொல்லி வந்திருக்காங்க முருகேசா. அவங்களையே ஏமாத்துறதா?"

"ஆண்டவரா வந்து உனக்குக் கூரை போடப்போறாரு?"

மாமாவின் முகம் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் தெருவில் அந்தச் சபையாரை முன்பே "நம்ம ஆளுங்க" என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே மனிதரும் அவர்தான். "அந்தச் சுவத்துல பாதி என்னுது. கைய வச்சின்னா நடக்கறது வேற" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை எலிசா அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து முகாமுக்குச் சாப்பிடப் போனாள். மாமாவும் போயிருப்பார் என்றே அப்பா நினைத்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு, "மாமா வீட்டுல யாருனா இருக்காங்களான்னு பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

அப்போது நான் செய்ததை வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. தெருமுனையில் நீல பனியன்காரர்களின் வேன் நின்றது. பன்னும் பாலும் தருகிறார்கள் என்று பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மாமா வீட்டுக்குள் முழங்கால் வரை சேறு. நான் வாசற்படியிலேயே நின்று "மாமா! தானியேல் மாமா!" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். சத்தமில்லை. திரும்பி ஓடினேன்.

"யாரும் இல்லப்பா."

"உள்ள போய் பாத்தியா?"

"பாத்தேன்."

பன் என் கையில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சுவர் விழும் சத்தம் அந்த இரண்டு நாளில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பின்னால் வந்த அலறலுக்குத்தான் திரும்பினார்கள். இரண்டு நாள் சேறு வாரியதில் காய்ச்சல் கண்டு, மாமா முகாமுக்குப் போகாமல் நடுச்சுவர் ஓரமாகக் கட்டிலில் படுத்திருந்தார்.

அவரைத் தோண்டி எடுத்தவர்கள் அந்தச் சென்னைப் பிள்ளைகள்தான். கையுறை கிழிந்து, நகம் பெயர்ந்து, அழுதுகொண்டே கல்லைப் புரட்டினார்கள். அப்பாவும் அவர்களோடு வெறிபிடித்தவர் போல மண்ணைத் தள்ளினார். கடப்பாரையை அம்மா சேலைக்குள் மறைத்து எடுத்துப்போய்க் கானாற்றில் போட்டுவிட்டு வந்தாள். "எப்டி விழுந்துச்சு?" என்று சார்லஸ் சார் கேட்டபோது, "ஊறிப்போயி தானா விழுந்துடுச்சு சார்" என்று சொன்னவளும் அம்மாதான். தெருவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லோர் வீட்டுச் சுவர்களும் அப்படித் "தானாக" விழுந்தவைதான்.

அவர்கள் வேனிலேயே மாமாவை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "உள்ள போய் பாத்தேன்னு சொன்னியே" என்றார். "இருட்டா இருந்துச்சுப்பா" என்றேன். அவர் என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. நான் சொன்ன பொய்யை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

சார்லஸ் சார் தாளில் இரண்டு வீட்டுக்கும் "முழு" என்று எழுதினார்.

வேலை ஆரம்பித்தது. நீல பனியன்காரர்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள், சிமெண்ட் குழைத்தார்கள், வெயிலில் கறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதில் ஓர் அக்கா மத்தியானத்தில் எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவாள். "பக்கத்து வீட்டு அங்கிளுக்காக டெய்லி பிரேயர் பண்றியாமே, உங்கம்மா சொன்னாங்க. ரொம்ப நல்ல பொண்ணு நீ" என்பாள். அவள் விரல்கள் மென்மையாக இருக்கும். எனக்குத் தலை முழுவதும் எரியும்.

மாமா கக்கத்தில் கட்டையோடு திரும்பி வந்தபோது அஸ்திவாரம் முடிந்திருந்தது. சார்லஸ் சார் அவரிடம் வரைபடத்தைக் காட்டி, முன்பு போலவே நடுவில் ஒரே சுவராக எழுப்பினால் வேலை சீக்கிரம் முடியும் என்றார். மாமா வரைபடத்தைத் திருப்பித் தள்ளினார்.

"நடுச்சுவர் வேணாம் சார். இடம் வுட்டுக் கட்டுங்க."

"அஸ்திவாரம் போட்டாச்சே பிரதர்."

"அப்ப எனக்கு வீடு வேணாம்."

அஸ்திவாரத்தை ஒரு பக்கம் உடைத்து, ஓர் அடி தள்ளிப் போட்டார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் ஆள் நுழைய முடியாத அந்தச் சந்துக்குள் பிறகு வருடக்கணக்கில் குப்பையும் எலியும்தான் இருந்தன.

வீடுகளைப் பிரதிஷ்டை செய்த நாளில் பந்தல் போட்டு, மைக் வைத்து, கேக் வெட்டினார்கள். பாதிரியார் ஜெபம் முடித்து, "நம்ம சகோதரர் தானியேல் சாட்சி சொல்வாங்க" என்றார். கட்டையை ஊன்றி ஊன்றி அவர் மேடைக்குப் போகும் வரை நான் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். சுவரை இடித்ததைச் சொல்லிவிடுவார் என்று தெரு முழுவதும் பயந்தது. சொன்னால் எங்கள் வீடு மட்டுமல்ல, எல்லோருடைய வீடும் போகும்.

மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்க்காமல் பேசினார். "வெள்ளத்துல சுவர் விழுந்துச்சு. அதுல எங்காலு போச்சு. ஆண்டவர் புது வீடு குடுத்திருக்காரு. ஸ்தோத்திரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தலைவாரிவிட்ட அக்கா அழுதாள். அப்பா தட்டவில்லை, நான் தட்டினேன்.

அதோடு முடிந்தது. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை. அம்மாவும் எலிசா அத்தையும் ஒரே ஷூ கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒரு நாள் பழைய பழக்கத்தில், பஸ் வருகிறதா என்று அம்மா கேட்டுவிட, "உம் புருசனுக்குத்தான் ரெண்டு காலும் இருக்குதே, ஓடிப்போய் பாத்துட்டு வரச் சொல்லு" என்றாளாம் அத்தை. அம்மா அன்று சாப்பிடவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் மாமா போகும்போது அவரைப் போலவே நொண்டிக்கொண்டு பின்னால் நடப்பார்கள். ஒருமுறை நானும் நொண்டினேன். அவர் திரும்பினார். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். என்னைப் பார்த்துவிட்டு, கட்டையை ஊன்றித் தன் வழியே போனார். இரண்டாவது வருடம் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு வேலூர் போனார்கள்.

இப்போது நான் வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை. அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் பிள்ளைகள் அறைக்கு வண்ணம் வாங்க லாங் பஜாருக்குப் போனேன். கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து நான் ஏறிய கடையில், முக்காலியில் உட்கார்ந்து டப்பாவுக்கு வண்ணம் கலந்துகொண்டிருந்தவர் தானியேல் மாமா. நான் யாரென்று சொல்வதற்குள் "முருகேசன் பொண்ணுதான?" என்றார்.

"அப்பா போய்ட்டாரு மாமா."

"தெரியும். சேதி வந்த அன்னிக்கி வயிறு நெறயச் சாப்ட்டேன்மா. உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்."

எனக்குப் போய்விடத் தோன்றியது. ஆனால் இத்தனை வருடம் மறைத்தது அப்போதுதான் வெளியே வந்தது. உள்ளே வந்து பார்க்கவில்லை என்றும், பார்த்தேன் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன் என்றும், பன்னுக்காக ஓடினேன் என்றும் கடையில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் வண்ணம் கலப்பதை நிறுத்தவில்லை.

"நீ கூப்ட்டது கேட்டுது" என்றார். "ரெண்டு வாட்டி கூப்ட்ட. உங்கப்பன் மேல இருந்த கோவம். நான்தான் பதில் குடுக்கல."

பிறகு மூடியை அழுத்தி, டப்பாவை என் பக்கம் தள்ளி, "சாய்க்காம எடுத்துட்டுப் போ" என்றார். அடுத்த ஆளிடம் என்ன வண்ணம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஆம்பூர் பக்கம் போகும்போது இப்போதும் பஸ் ஜன்னலில் பார்க்கிறேன். எங்கள் தெரு இல்லை. இரண்டு வீடுகளையும் அவற்றின் நடுவிலிருந்த ஓரடி இடைவெளியையும் சேர்த்து வாங்கி ஒரு கம்பெனி கிடங்கு கட்டிவிட்டது. கானாற்றை மூடிச் சாலை போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் பதித்திருந்த, அந்தச் சபையின் பெயர் பொறித்த கல் எங்கே போனதோ தெரியாது. மாமா சொன்னது உண்மை என்றால், பதினொரு வயதிலிருந்து நான் சுமந்ததில் பாதி என்னுடையது இல்லை. ஆனால் எங்களுக்காக ஒருமுறை, தன் சபை முழுவதும் பார்த்திருக்க, மைக் முன்னால் நின்று பொய் சொன்னவர் அவர். கடையில் எனக்குச் சொன்னதும் அப்படியொரு பொய்தானா என்று திரும்பிப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.