கஞ்சி போட்ட பீட விரிப்பு

“…அறுக்காம பொத்த முடியாதும்மே. கிழிஞ்ச வாய அப்டியே வச்சிக்கினு பொத்துனா, மொத்தமும் அந்தப் பக்கமா இஸ்துக்கும். மொதல்ல அறுத்து ஒரு ஒழுங்குக்குக் கொண்டாரணும். அப்பறந்தான் ஊசி” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவர் கையில் பிளேடு. மடியில், பதினோரு மாதமாக நான் பின்னிய வெள்ளை விரிப்பு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

பிளேடு இருந்த அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஏரியில் எல்லாம் முறைதான். நல்ல இடத்தில் இன்று இந்த வீட்டார் வலை கட்டினால் நாளை அடுத்த வீட்டார். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உன் பாடு அன்றைக்குக் காற்று அடித்ததா, மோட்டார் மக்கர் பண்ணியதா, யாரும் கேட்க மாட்டார்கள். போனது போனதுதான், மறுபடி சுற்றி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இதே பழக்கத்தை எங்கள் ஊரார் கோயிலுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் பூசைக்குப் பீடத்தில் விரிக்கிற துணி வருஷத்துக்கு ஒரு வீட்டுடையது. அதையும் பாடு என்றுதான் சொல்வோம். புதிதாக வந்த சாமியார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “அப்போ இந்த வருஷம் மீன் எவ்வளவு பட்டது?” என்றார்.

நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷமே எங்கள் வீட்டுப் பாடு வந்தது. எனக்கு அப்போது பட்டன் தைக்கக்கூடத் தெரியாது. பொன்னேரியில் பளபளவென்று ஒரு துணி வாங்கிவந்து, இருந்த அவசரத்தில் அப்படியே விரித்துவிட்டோம். பூசை பாதி ஆனபிறகுதான் பார்த்தேன்: விலைச் சீட்டு முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தது என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, எங்களுக்கு அடுத்த வீடு. அவர் மூடிய கண்ணைத் திறக்காமல், ஜெபம் சொல்கிற அதே குரலில் சொன்னார்: “போவட்டும் வுடு. நாம இன்னா செலவு பண்ணோம்னு ஆண்டவருக்கும் தெரிய வேணாமா?”

அவர் பொல்லாதவர் இல்லை. நாக்கு மட்டும் முன்னால் ஓடும், மனசு பின்னால் மூச்சிரைக்க வரும். ஜனங்கள் பேசுவதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அதுதான் நோட்டுப் புத்தகம். ஆனால் இந்தப் பேச்சை மட்டும் நான் எழுதவே இல்லை. எழுதாமலே அது இருந்தது.

மகள் பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிற இந்தக் காலத்தில் பாடு சுற்றி வந்தது. இந்தத் தடவை கடைத் துணி கிடையாது என்று முடிவு செய்துகொண்டு, போன பொங்கல் கழிந்த கையோடு மகளின் போனை வைத்துக் குரோஷா கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். வீடியோவில் வருகிற அம்மாள் பேசுவது என்ன பாஷை என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. முகத்தையும் காட்ட மாட்டார். இரண்டு கை, ஒரு கொக்கி ஊசி, நகத்தில் சிவப்புச் சாயம், அவ்வளவுதான். “யம்மா, அவங்க வாய கேக்காத, வெரல மட்டும் பாரு” என்பாள் மகள். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். முதலில் பின்னியது பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி வந்தது. மகள் அதை எடுத்துப்போய் நிஜமாகவே பாத்திரம் தேய்த்தாள். நன்றாகத் தேய்க்கிறது என்று நாத்தனாரும் ஒன்று கேட்டார்.

மூன்றாம் மாதத்தில் கை வசப்பட்டது. கட்டம் கட்டமாகத் தரை, நடுநடுவே ரோஜா, ஓரத்தில் நட்சத்திரம். மீன் போடலாமே என்று மகள் சொன்னாள். விடிந்தால் அடைந்தால் பார்க்கிற மீன் போதாதா என்று நான் போடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டங்களைப் பார்த்தால் சிரிப்பு. வலையில் கட்டத்துக்குக் கண் என்று பெயர், சின்னக் கண் வலைக்குத் தடை உண்டு. “இன்னாம்மே இவ்ளோ சின்ன கண்ணு? இத்த ஏரில எறக்குனா மீன்கார ஆபீசரு வந்து படகோட புடிச்சிக்கினு பூடுவாரு” என்பார். தொட மட்டும் மாட்டார். தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இறாலும் நண்டும் பிடிக்கிற கை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசனை போகாது. வெள்ளை நூல் அதைப் பிடித்துக்கொண்டால் பீடத்தில் எப்படி விரிப்பது? அவரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, பிள்ளை பெற்ற வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போவார். பதினோரு மாதமும் அப்படித்தான் பார்த்தார்.

இங்கே பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவருடைய பூனை. படகுத்துறையில் யாரோ விட்டுப்போன குட்டியை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவந்தார். மகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அந்தப் பெயரைச் சொன்னால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அவருடைய மோட்டார் சத்தம் மட்டும் தெரியும். பத்துப் படகு வந்தாலும் தூங்கும். இவர் படகு வந்தால் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு கரைக்குப் போகும். “இன்னா தொர, வேல முடிஞ்சிச்சா?” என்று அவர் கேட்பார். அதற்குத் தினமும் நான் வைக்கிற சாப்பாடு சோற்றுக் கஞ்சியில் பிசைந்த மீன். வேறு எதை வைத்தாலும் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும்.

அந்த வாரம் மூன்று நாளாக வாடைக்காற்றும் மழையும். படகு எதுவும் இறங்கவில்லை. நான்காம் நாள் காலையில் நல்ல வெயில் வந்தது. விட்டால் கிடைக்காது என்று விரிப்பைத் துவைத்து, விறைப்பாக நிற்பதற்காக வடித்த கஞ்சியில் முக்கி எடுத்தேன். எங்கே காயப்போடுவது? கொடியில் போட்டால் ஈரப் பாரத்தில் தொங்கி உருமாறிவிடும். தரையெல்லாம் சேறு. வீட்டுக்குப் பின்னால், மழைக்கு உள்ளே சுருட்டி வைத்திருந்த வலையை அவர் அன்று காலை நான்கு கம்பத்தில் கட்டிலைப் போல இழுத்துக் கட்டியிருந்தார். காற்று கீழேயும் போகும், மேலேயும் போகும். இதைவிட நல்ல இடம் ஏது என்று அதன்மேல் விரித்து, மூலைக்கு மூலை கயிற்றால் கட்டிவிட்டு, அதிரச மாவு பிசைய உள்ளே போனேன்.

இருபது நிமிஷம் இருக்கும். மகள் பின்பக்கத்திலிருந்து, “யம்மா, மாவு கையோடவே வா” என்றாள். கத்தவில்லை. மாவு கையோடவே ஓடினேன்.

பூனை முதலில் நக்கித்தான் இருக்கிறது. பிறகு நகத்தால் பிராண்டியிருக்கிறது. நகம் கட்டத்தில் மாட்டியதும் பயந்து இழுத்து, புரண்டு, நான்கு மூலைக் கயிற்றையும் அவிழ்த்து, விரிப்பைச் சுற்றிக்கொண்டு கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் போய்ப் பதுங்கிவிட்டது. வெளியே ஒரு முழம் நட்சத்திரம் மட்டும் சேற்றில் கிடந்தது.

பூனையைத் திட்ட வாயெடுத்தேன். அப்போது வலைப் பக்கமிருந்து காற்று வீசியது. கழுவாத இறால் வலை. கண்ணுக்குக் கண் பொடி மீன் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல்தான் நான் கஞ்சி சொட்டச் சொட்ட விரித்திருக்கிறேன். கஞ்சி, மீன். பூனையின் சாப்பாட்டை நானே பெரிய இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் போயிருக்கிறேன். யார் கையும் படக்கூடாது என்று பதினோரு மாதம் காத்தவள் கடைசியில் செய்த வேலை இது.

அவர் வந்தார். சேற்றில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். “அசையாத தொர. அசஞ்சா உனக்குத்தான் பேஜாரு” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு நகமாகக் கழற்றினார். வலையில் மாட்டிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்றுகிற கை அது. பூனையும் ஒரு கீறல் போடவில்லை, அவரும் ஒரு நூலை அறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே அறுந்தது அறுந்துவிட்டது. இடது ஓரத்தில், ரோஜாவுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே, உள்ளங்கை அளவு ஓட்டை. சுற்றிலும் நூல் நூலாகத் தொங்கியது.

நாத்தனார் வந்து பார்த்தார். பொன்னேரிக்குப் புறப்பட்டு, தலையில் பூவோடு, கையில் பையோடு இருந்தார். ஏதாவது சொல்வார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். “எல்லாத்தையும் பிரிச்சிட்டுப் பின்னவா முடியும் இப்ப? நான் பஸ்சுக்குத்தான் போறேன். ஒண்ணு வாங்கியாரட்டா?” என்றார். பிறகு மெதுவாக, “வெலச் சீட்ட நானே பிச்சிட்டு எடுத்தாறேன்” என்றார். கேலி இல்லை. உண்மையாகவே உதவியாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பாடும் போனால் அடுத்தது வரும்போது என் கண்ணுக்கு ஊசிமுனை தெரியுமோ தெரியாதோ.

“வேணாங்கா” என்று பதில் சொன்னது என் வீட்டுக்காரர். “நீ போய் உன் வேலயப் பாத்துக்கினு வா.”

விரிப்பை அலசி, பிழிந்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். மகள் போனில் தேடினாள். ஓட்டை அடைக்கிற வீடியோவும் இருந்தது. அதில் அந்தச் சிவப்பு நகக்கார அம்மாள் ஒரு பட்டாணி அளவு ஓட்டையை அடைத்துக் காட்டினார். “அவங்க வூட்ல பூன இல்ல போல” என்றாள் மகள்.

அதற்குள் அவர் துண்டு மூங்கிலைச் சீவி, வலை ஊசி மாதிரியே, ஆனால் தீக்குச்சி நீளத்தில் ஒன்று செய்துகொண்டு வந்தார். சோப்பு போட்டுக் கை கழுவியிருந்தார். எலுமிச்சம்பழமும் தேய்த்திருந்தார். இரண்டு கையையும் என் மூக்குக்கு நேராக நீட்டி, “மோந்து பாரு” என்றார்.

மோந்து பார்த்தேன். முதலில் எலுமிச்சை வந்தது, அப்புறம் சோப்பு, கடைசியில் இறால்.

“வருதுய்யா” என்றேன்.

“எங்கிட்ட வர்றது இருக்கட்டும். இத்த மோந்தியா? உன் விரிப்பு என்னவிட சோக்கா நாறுது.”

மகள் சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விரிப்பை மடியில் போட்டுக்கொண்டார். கழுவிய கையால் முதல் முறையாக அதைத் தொட்டார். ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பிளேடை எடுத்தார். நான் கையைப் பிடித்தேன். அப்போதுதான் அறுக்காமல் பொத்த முடியாது என்று அவர் சொன்னது.

“அது வலைக்குய்யா” என்றேன். “உன் வலையில முடிச்சுக்கு முடிச்சு தனி. ஒரு கண்ணு அறுந்தா பக்கத்துக் கண்ணு அசையாது. இது அப்டி இல்ல. தலையிலேந்து கால்வரிக்கும் ஒரே நூலு ஓடுது. ஒண்ண அறுத்தா சரசரன்னு பிரிஞ்சிக்கினே போவும். எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது.”

அவருக்கு அது தெரியாது. பிளேடை நகர்த்தி வைத்துவிட்டு, தொங்குகிற ஒரு நூலை லேசாக இழுத்துப் பார்த்தார். ஒரு கட்டம் காணாமல் போனது. இன்னும் கொஞ்சம் இழுக்கப்போய் விரலை எடுத்துக்கொண்டார்.

“ஆமா” என்றார். பிளேடை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, “சரி. நான் அறுக்கறேன். பிரியறத நீ புடி” என்றார். “ஒண்ணு அறுப்பேன். நீ புடிச்சிக் கட்டுனப்பறம் அடுத்தது.”

“எத்தினி புடிப்பேன்?”

“நான் எத்தினி அறுக்கறனோ அத்தினி.”

மகள் எழுந்துபோய் வீட்டில் இருந்த ஊக்கு எல்லாவற்றையும், தன்னுடைய தாவணி ஊக்கு உட்பட, ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

பிற்பாடு நடந்தது ஊருக்கே தெரியும். சாயங்கால பஸ்ஸில் நாத்தனார் வருவதற்குள் ஓட்டை மூடியிருந்தது. கிறிஸ்துமஸ் பூசையில் எங்கள் விரிப்புதான் கிடந்தது, ரோஜாவுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே வெள்ளை நூலில் அவர் முடிச்சுப் போட்ட உள்ளங்கை அளவு இறால் வலையோடு. சாம்பிராணி எவ்வளவோ காப்பாற்றியது. சாமியார் மட்டும் ஒருமுறை மூக்கைச் சுருக்கினார். எல்லோரும் போனபிறகு நாத்தனார் பீடத்தண்டை போய், அந்த இடத்தில் விரலை விட்டு, வலையைச் சோதிக்கிற மாதிரி இழுத்துப் பார்த்தார். “தாங்குது” என்றார். அதைக் காலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் அன்று மத்தியானம் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நான் கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு அவர் நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டார். காலடியில் வந்து படுத்த பூனையைக் குதிகாலால் மெல்ல நகர்த்தினார். முதல் நூலைப் பிளேடு முனையில் தூக்கி நிறுத்தி, என் ஊசி அதன் பக்கத்தில் வந்து நிற்கும்வரை காத்திருந்து, அறுத்தார்.