சுண்டக் காய்ச்சிய கற்பூரவல்லி

என் மைத்துனனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

என் மனைவிக்கு இளைப்பு உண்டு. காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு தடவை இன்ஹேலரை உறிஞ்ச வேண்டும். நாலு பேர் முன்னால் அதை எடுக்க அவளுக்கு வெட்கம். சீக்கு முற்றிப்போனவர்கள்தான் அந்தப் பஃப்பைத் தொடுவார்கள் என்பது அவள் பிறந்த வீட்டு நம்பிக்கை.

அவள் தம்பி ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். ஓய்வு பெற்றதும் ஆட்களை மேய்ப்பதை விட்டு எங்கள் உடம்புகளை மேய்க்க ஆரம்பித்தான். குன்றத்தூர் வீட்டு மாடியில் இருபத்திரண்டு தொட்டிகள், எல்லாம் கற்பூரவல்லி. எண்ணிப் பார்த்தேன். இலைகளைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகும்வரை சுண்டக் காய்ச்சுவான். கடுக்காய், சுக்கு மாதிரிக் காய்ந்த சரக்குக்குச் சொன்ன கணக்கை இந்த இலைக்கும் போட்டுவிட்டான். வல்லத்தில் எங்கள் வீட்டு அடுப்பிலும் ஒருநாள் அப்படிக் காய்ச்சினான்.

"வூடு பூரா வாசனை கீது பாருக்கா. மருந்து அவ்ளோ ஸ்ட்ராங்கு. பஃப்பை வுட்டுடு, அது பழகிடும்" என்றான்.

நான் பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் எண்ணெய்களைக் காய்ச்சி வடித்தவன். கற்பூரவல்லிக்கு அந்தக் காரமான மணத்தைக் கொடுப்பவை கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்கள். தண்ணீரில் சரியாகக் கரையாது, நீராவியோடு ஏறி ஓடிவிடும். வீடு முழுக்க மணந்தால் மருந்து வீட்டுக்குப் போய்விட்டது, டம்ளருக்கு வரவில்லை என்று பொருள். சொன்னேன். "மாமா எல்லாத்துக்கும் பார்முலா வெச்சிருப்பாரு" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். எனக்குத் தெரியாமல் இன்ஹேலரை நிறுத்திவிட்டாள்.

ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே இருந்தவள் பேச்சை முடிக்க முடியாமல் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஆக்சிஜன். பார்க்க வந்த தம்பி பிளாஸ்க்கில் கஷாயத்தோடு வந்தான். டோஸ் பத்தவில்லை என்றான். அந்த நிமிடம் தீர்மானித்தேன், இவனைச் சபையில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று.

சபை கிடைத்தது. அவன் பேத்திக்குக் குன்றத்தூர் மலையில் காது குத்து, சாப்பாடு வீட்டில். பந்தி முடிந்தவர்கள் பீடா எடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் காஸ் அடுப்பு, அதன்மேல் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் சம்பந்திகள் வரிசையாக நின்றார்கள். டம்ளர் டம்ளராக ஊற்றி, அக்காவுக்கும் ஒன்று நீட்டினான். அவள் கை நீண்டது.

நான் குளிர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துப் பாத்திரத்தின்மேல் சாய்த்துப் பிடித்தேன். துளிகள் சேர்ந்து வடிந்தன. ஒரு டம்ளரில் பிடித்து, அவன் சம்பந்தியிடம் முதலில் அதையும் பிறகு கஷாயத்தையும் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பெரியவர் நிதானமாக இரண்டையும் முகர்ந்தார். தட்டுத் தண்ணீர் சுள்ளென்று ஏறியது போலும், மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சம்பந்தி, எங்களுக்குச் சக்கையைத் தர்றீங்க, சத்தைக் காக்காக்குத் தர்றீங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்ததை நான் ரசித்துப் பார்த்தேன். நிறுத்தவில்லை. பச்சை இலையை மென்றால், கொதிநீரில் போட்டு மூடி வைத்துக் குடித்தால், தொண்டைக் கரகரப்புக்கு இதமாயிருக்கும், சளி இளகும், அதை நான் மறுக்கவில்லை என்றேன். ஆய்வகத் தட்டில் கிருமியைக்கூட அடக்கும். ஆனால் வீங்கிச் சுருங்கிய மூச்சுக்குழலை இது திறக்காது. அக்காவிடம் நீ சொன்னதை இவர்கள் முன்னால் திருப்பிச் சொல் என்றேன்.

எனக்குப் பின்னால் இருமல் கேட்டது. அந்தக் காரமான ஆவி அவளுக்கு ஆகவில்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள், பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள், சம்பந்திகள் முன்னாலேயே உறிஞ்சினாள். பிறகு என்னைப் பார்த்து, "போதுங்க. எந்தம்பி அவன்" என்றாள்.

போதவில்லை. ஆனால் மறுநாள் முதல் தினமும் காலையில் அவன் போன் செய்கிறான். "மாமா, அக்கா பஃப் எடுத்துச்சா?" என்று கேட்கிறான். எடுத்திருப்பாள். இருந்தாலும் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் வாய் கொப்பளித்து, காப்பி கலந்து, உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருப்பான்.