ஜோன் உட்கார்ந்த பக்கம்

நியூசிலாந்தின் ஒனிஹங்காவில் பழைய கார்களைச் செப்பனிடும் பட்டறையொன்றில் பிரணவிக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுமியாகப் பெற்றோரோடு ஆக்லாந்துக்கு வந்து, இங்கேயே இயந்திரப் பொறியியல் படித்தவள். கெட்டிக்காரி. அது அவளுக்கும் தெரியும், வினையே அங்கேதான்.

அவளுக்கு ஒரு பழக்கம். யார் காரானாலும் சரி, சொன்ன வேலையை முடித்த கையோடு, சொல்லாத வேலை ஒன்றையும் காசில்லாமல் செய்து கொடுப்பாள். இருக்கையில் கிழிசல் இருந்தால் தைப்பாள், விளக்கு மங்கியிருந்தால் துலக்குவாள். அம்மா அன்னபாக்கியத்திடமிருந்து ஒட்டிக்கொண்ட குணம் இது. அவர்கள் குடியிருக்கும் மவுண்ட் வெல்லிங்டனில் எதிர்வீட்டுக் கண்மணி கறி கொடுத்துவிடும் கிண்ணம் ஒருநாளும் காலியாகத் திரும்பியதில்லை. "ஆக்களின்ர சட்டியை வெறுமையாக் குடுக்கிறதே பிள்ளை? நாலு வடையைப் போட்டுக் குடு" என்பார் அம்மா.

குளிர்காலத் தொடக்கத்தில் கொலின் தன் புகாட்டியைக் கொண்டுவந்தார். முதல் உலகப் போருக்கும் இரண்டாவதற்கும் இடையில் பிரான்ஸில் செய்த பந்தயக் கார். கொலினுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வருடம் மனைவி ஜோன் இறந்ததிலிருந்து கார் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

"வால்வு ஒழுகுகிறது, அதை மட்டும் பார்த்துக் கொடு. நானும் ஜோனும் போகிற மலைப்பாதையில் கடைசியாக ஒரு தடவை ஓட்ட வேண்டும்" என்றார்.

அந்தக் காரை வடிவமைத்தவருக்கு அழகின் மேல் பித்து, மெக்கானிக்கின் மேல் மருந்துக்கும் இரக்கமில்லை. முன் அச்சை உள்ளே குடைந்து கனத்தைக் குறைத்து, அதிர்வு தாங்கும் வில்பட்டைகளை அதன் ஊடாகவே செருகியிருந்தார். பிரேக் டிரம்மைச் சக்கரத்தோடு சேர்த்தே வார்த்திருந்தார். எட்டு சிலிண்டர்களுக்கும் தனியே கழற்றக்கூடிய மூடி கிடையாது, மூடியும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. ஒரு வால்வைத் தொட வேண்டுமென்றால் சிலிண்டர்களையே தூக்கி எடுக்க வேண்டும். பிரணவி திட்டிக்கொண்டே எடுத்தாள், வியந்துகொண்டே திரும்ப வைத்தாள்.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் தொட்டி பின்னால் இருக்கிறது. அதற்குள் காற்றழுத்தம் ஏறினால்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் வரும். அதற்கென டேஷ்போர்டின் இடப்பக்கத்தில் ஒரு கைப்பம்பு. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு வர முடியாது, அடிக்க வேண்டும்.

அந்தப் பம்பின் அருகேதான் அவள் கண் போனது. டேஷ்போர்டு முழுக்க ஒன்றையொன்று தொட்டபடி வட்டம் வட்டமாகத் தீட்டிய அலுமினியத் தகடு. பம்புக்குப் பக்கத்தில் மட்டும் வட்டங்கள் அழிந்து, கீறல் மேல் கீறலாகக் கண்றாவியாக இருந்தது. சரி, இவருக்கு வடை இதுதான் என்று முடிவுகட்டினாள். தகட்டைக் கழற்றித் தேய்த்து, துளைபோடும் இயந்திரத்தில் ஒவ்வொரு வட்டமாகப் புதிதாகப் போட்டாள்.

வீட்டில் பெருமையாகச் சொன்னபோது அன்னபாக்கியமும் குளிர்ந்துபோனார். "நல்லாச் செய்தனி. மனிசி போன மனிசன், பாத்துச் சந்தோஷப்படட்டும்."

கொலின் வந்தார். ஓட்டும் பக்கம் போகாமல் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். அவர் கை, பார்க்காமலே பம்பின் பக்கம் போனது. தகட்டைத் தடவிய விரல்கள் நின்றன. மறுபடி தடவின.

"இங்கே கீறல் இருக்குமே."

"எடுத்துவிட்டேன். அதற்குக் காசு வேண்டாம், என் அன்பளிப்பு."

கொலின் கையை எடுக்கவில்லை. "ஜோனின் மோதிரம். அடிக்கும்போதெல்லாம் உரசும். கழற்றி வைத்துவிட்டு அடி என்று ஒவ்வொரு தடவையும் அவளிடம் எரிந்து விழுவேன். அவள் ஒரு தடவைகூடக் கழற்றவில்லை."

பிரணவி கைபேசியை எடுத்தாள். "கழற்றுமுன் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து அப்படியே திரும்ப..."

"அது உன் கீறலாக அல்லவா இருக்கும்" என்றார் கொலின். குரலில் கோபமில்லை. "வேலை சுத்தமாக இருக்கிறது. நன்றி."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. சிலிண்டரைத் தொடுவதற்கு முன் எத்தனை கேள்வி கேட்டாள்! இதைக் கேட்கத் தோன்றவில்லையே. அம்மாவாவது கண்மணியின் கிண்ணத்தில் வடையைத்தான் போட்டார், கிண்ணத்தைத் தேய்த்து உருமாற்றவில்லை.

கொலின் ஓட்டும் பக்கம் மாறி உட்கார்ந்தார். "அடிக்க ஆள் வேண்டும்" என்றார், அவளைப் பார்க்காமல்.

பிரணவி ஜோனின் இடத்தில் உட்கார்ந்து அடித்தாள். அழுத்தமானியின் முள் ஏறியது. எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்தது, எட்டு சிலிண்டரும் ஒரு பிசிறில்லாமல் பாடின. அவள் செய்த வேலைகளிலேயே சிறந்த வேலை அது. கொலின் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் யாரும் மோதிரம் போடுவதில்லை, இயந்திரத்தில் மாட்டினால் விரல் போய்விடும். பிரணவியின் மோதிரமும் காலையிலேயே கழற்றி லாக்கரில் வைத்தது. வெறும் விரல்கள் புது வட்டங்களின் மேல் சத்தமில்லாமல் போய் வந்தன.

"போதும்" என்றார் கொலின்.

அவள் கையை எடுத்தாள். தகட்டில் ஒரு கோடுகூட விழவில்லை.